பிளஸ் ஒன்னில் போர்டு மாற்றலாமா? கோத்தகிரித் தந்தை ஒருவருக்குப் பதில்

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. "நான் படித்த புத்தகம் இப்போது இல்லை, சில வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறார்கள், இதை நம்பி எப்படிப் படிக்க வைப்பது?" என்பது ஒன்று. "அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கும் மகளை பிளஸ் ஒன்னுக்குத் தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்க்கலாமா?" என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து வருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் மதிப்பை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் அதே ஒதுக்கீடு 2021-லும் வந்தன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கடைசி இரண்டு வருடம் தனியாருக்குப் போனால் அதற்கு முந்தைய ஐந்து வருடமும் வீண். இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இது தவிர, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ முடியும் வரை. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரைதான் கணக்கு.

அவள் தமிழ் வழியில் படிக்கிறாள் என்றால் இன்னொன்றும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குரிய தகுதிப் படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு வகுப்பு ஆங்கில வழி ஆனாலும் போச்சு. கல்லூரியில் ஆங்கில வழிக்குப் போவது உறுதி என்றால் பட்டப்படிப்பு கேட்கும் பதவிகளுக்கு இது உதவாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தகுதியில் வரும் பதவிகளுக்கு உதவும்.

நீட்டுக்கு, சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடத்தும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான் அடிப்படை, அதனால் சி.பி.எஸ்.இ. நல்லது என்று உங்களுக்குச் சொன்னவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் புத்தகத்தைக் கடையில் வாங்கலாம். அதற்காகப் பள்ளியை மாற்ற வேண்டியதில்லை. 2018-19-ல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு மற்றவற்றுக்கும் வந்த மாநிலப் பாடநூல்கள் கனமானவை. இயற்பியலில் பதினொன்றுக்கு 11 அலகு, பன்னிரண்டுக்கு 11 அலகு. பாடப்பொருளில் இரண்டு போர்டுக்கும் இடையே பெரிய பள்ளம் ஒன்றுமில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். பாடத்திட்டம் மாறுவது யாரோ கிறுக்குத்தனமாகச் செய்வதல்ல. படித்து முடித்த பிள்ளை எங்கே போய் நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மாறும்போது அதுவும் மாறுகிறது. நம் மலையிலேயே பாருங்கள். லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளி 1858-ல் தொடங்கியது ஆங்கிலேயச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது ராணுவ ஒழுங்கும் கைத்தொழிலும். பாடமும் அப்படித்தான் இருந்தது. பிறகு சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது, அதில் தேறியவன் ஆபீஸ் குமாஸ்தா வேலைக்குத் தயார் என்று பொருள். பதினொரு வருடப் பள்ளியும் கல்லூரியில் ஒரு வருட பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பும் என்றிருந்ததை 1978-ல் பத்தும் இரண்டும் ஆக்கினார்கள். முதல் பிளஸ் டூ தேர்வு 1980-ல் நடந்தது. பிளஸ் டூவிலேயே தொழிற்பிரிவும் வந்தது. எல்லாரையும் பட்டப்படிப்புக்குத் தள்ளாமல், ஒரு பகுதியினரை நேராக வேலைக்கு அனுப்புவதுதான் எண்ணம். பெற்றோர் அதை இரண்டாந்தரமாகப் பார்த்ததால் அந்த எண்ணம் பாதியில் நின்றுவிட்டது என்பது என் கருத்து.

நீங்கள் தொண்ணூறுகளில் படித்தவர். 1,200 மதிப்பெண், அதோடு பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மாநில நுழைவுத் தேர்வு. அந்தத் தேர்வு 2006 சட்டத்தால் போயிற்று. 2010-ல் சமச்சீர் கல்வி வந்து மெட்ரிக், ஸ்டேட் போர்டு, ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கு பாதைகளை ஒன்றாக்கியது. உங்கள் காலத்து நினைவை வைத்து மகளை அளந்தால் தவறாகத்தான் வரும்.

ஊட்டி இந்து நகரில் இருந்த எச்.பி.எஃப். ஃபிலிம் தொழிற்சாலை உங்கள் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. எக்ஸ்ரே ஃபிலிம், கறுப்பு வெள்ளை ஃபிலிம் செய்த இடம். படமெடுப்பது டிஜிட்டலுக்குப் போனதும் அங்கே கற்ற வேலைக்கு வெளியே தேவையில்லாமல் போயிற்று. வேதியியல் தெரிந்தவனுக்கு மருந்து, உணவு, நீர்ப் பரிசோதனை என்று வேறு கதவுகள் இருந்தன. இயந்திரத்தின் ஒரு பொத்தானை மட்டும் தெரிந்தவனுக்கு இல்லை. புதிய புத்தகங்கள் மனப்பாடத்தைக் குறைத்து, பாடத்துக்குள்ளிருந்து கேள்வி கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பழைய வினாத்தாளுக்கு ப்ளூ பிரிண்ட் இருந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்று முன்கூட்டியே தெரியும். கடினமான பாடத்தை ஒதுக்கிவிட்டே நல்ல மார்க் வாங்கலாம். சில பள்ளிகள் இன்னும் ஒரு படி மேலே போய், பதினொன்றாம் வகுப்பையே ஒதுக்கி, பன்னிரண்டாம் பாடத்தை இரண்டு வருடம் நடத்தின. விளைவு கல்லூரியில் தெரிந்தது: முதலாண்டு கணிதத்திலும் இயற்பியலிலும் அரியர். அதற்காகத்தான் 2017-18-ல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வைத்தார்கள், மொத்த மதிப்பெண்ணை 1,200-லிருந்து 600 ஆக்கினார்கள், ப்ளூ பிரிண்டையும் எடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அந்தப் பதினொன்றாம் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது. ஆனால் பழைய குறுக்குவழிக்கான ஆசையும் திரும்ப வரலாம். உங்கள் மகள் விஷயத்தில் நீங்கள் காவல் இருக்க வேண்டிய இடம் இதுதான், போர்டு அல்ல.

எப்படிப் பார்ப்பது? புரியாத பாடமானாலும் நோட்டை எடுத்துப் பாருங்கள். காலாண்டு முடிந்ததும் இயற்பியல் நோட்டில் இயக்க விதிகள் தாண்டி, வேலை–ஆற்றல் வரை கணக்குகள் போட்டிருக்க வேண்டும். வேதியியலில் மோல் கணக்கு அவள் கையெழுத்தில், அடித்துத் திருத்தியதாக இருக்க வேண்டும். கரும்பலகையிலிருந்து சுத்தமாகப் பார்த்து எழுதியதாக இருந்தால் அவள் போடவில்லை என்று அர்த்தம். டிசம்பர் அரையாண்டுக்குள் சுழற்சி இயக்கம் தொடப்படவில்லை என்றால் ஆசிரியரைப் பாருங்கள். மழை விடுமுறையில் நாட்கள் போகும் ஊர் நம்முடையது. ஜூன், ஜூலையில் இழந்த பாடத்தைச் சனிக்கிழமைகளில் எடுக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். சண்டையாகக் கேட்க வேண்டாம்.

குரூப் தேர்வில்தான் திருத்த முடியாத தவறுகள் நடக்கின்றன. கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்தால் பொறியியலுக்குப் பெரும்பாலும் கதவு அடைப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் உயிரியல் இல்லை. அதை எடுத்தால் பி.எஸ்சி. நர்சிங்குக்கோ நீட்டுக்கோ நேராகப் போக முடியாது. இன்னும் முடிவெடுக்காத பிள்ளைக்கு உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப் நல்லது, ஆனால் கணிதத்தில் பத்தாவதில் எழுபதுக்குக் கீழே வாங்கியவளை அதில் தள்ளாதீர்கள். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மலைப்பள்ளிகளில் எல்லாக் குரூப்பும் எங்கும் இருக்காது. எந்தக் குரூப் இருக்கிறது என்பதோடு, கணிதம், இயற்பியல், வேதியியலுக்கு முதுகலை ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா, காலியிடமா என்று தலைமை ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். காலியிடம் என்றால் குன்னூரிலோ ஊட்டியிலோ வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள். அரசிலிருந்து அரசுக்கு மாறினால் ஒதுக்கீடு போகாது. பத்துக்குப் பிறகு ஊட்டி அரசு பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்தால் நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேர வழியுண்டு, ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீட்டை மனதில் வைத்திருந்தால் அந்தப் பாதை உதவாது, அதற்குப் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் பிள்ளைகளைச் சுல்தான் பத்தேரிக்கோ மைசூருக்கோ அனுப்பும் பெற்றோருக்கும் ஒன்று: எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காவிட்டால் பொறியியல் கலந்தாய்வுக்கு நேட்டிவிட்டி சான்று, அதாவது தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்ற சான்று, கேட்பார்கள்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, வீட்டில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்று, இவற்றை இ-சேவை மையத்தில் பிளஸ் டூ தொடங்கும்போதே எடுத்துவையுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். ஆறிலிருந்து இரண்டு பள்ளிகளில் படித்திருந்தால் இரண்டிலிருந்தும் படிப்புச் சான்று வேண்டும். இந்த வருடமே செய்ய வேண்டியது ஒன்று: பத்தாம் வகுப்புத் தேர்வெழுதுவோர் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோலைப் பள்ளி அனுப்புமுன் மகளின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பள்ளியில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அது சான்றிதழில் அச்சாகிவிட்டால் திருத்தத்துக்கு அலைய வேண்டியது நீங்கள்தான்.