சிம்போசியம், பட்டறை, வேலைவாய்ப்பு முகாம்: சென்னையில் பொறியியல் படிப்பவர் எதற்குப் போகலாம், எதை விடலாம்?

புறநகர்க் கல்லூரி ஒன்றில் ஈ.சி.இ. (மின்னணுவியல், தொடர்பியல் பொறியியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வாரம் இரண்டு போஸ்டர் வருகிறது. அடுத்த மாதம் நடக்கும் ரோபாட்டிக்ஸ் பட்டறைக்கு 1,200 ரூபாய் கட்டலாமா? எத்தனை சான்றிதழ் இருந்தால் வேலைக்கு உதவும்? நீங்கள் கேட்டது இவ்வளவுதான்.

சான்றிதழ் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். என்னிடம் பதினான்கு இருந்தன. பிளாஸ்டிக் ஃபோல்டரில் தேதிவாரியாக அடுக்கி நேர்காணலுக்கு எடுத்துப் போனேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் அதில் ஒன்றைத்தான் பார்த்தார். அதையும் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அது 2010இல், நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வாங்கியது. இரண்டு நாள் ரோபாட்டிக்ஸ் பட்டறை, கட்டணம் 800 ரூபாய். அப்பாவிடம் லேப் ஃபீஸ் என்று பொய் சொல்லி வாங்கினேன். தரையில் போட்ட கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் 'லைன் ஃபாலோயர்' வண்டி செய்ய வேண்டும், ஐந்து பேருக்கு ஒரு கிட். நடுவில் வண்டியின் மூளையாக ஏ.டி.மெகா8 சிப் உட்கார்ந்திருக்கும், அதற்கான புரோகிராமை நடத்தியவர்களே ஏற்றிக் கொண்டு வந்துவிட்டார்கள். எங்களுக்கு மிச்சம் சக்கரத்தை மாட்டி ஸ்க்ரூ போடுவது. ஸ்க்ரூ டிரைவரும் ஒன்றுதான். கை மாறி என்னிடம் வந்தபோது ஒரே ஒரு ஸ்க்ரூ பாக்கி இருந்தது. போட்டேன். தரையில் ஒட்டிய கறுப்பு டேப் மேல் வண்டி ஓடியது, கைதட்டினோம், குரூப் போட்டோ, வெஜ் பிரியாணி, சான்றிதழ்.

2012 ஜனவரியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் நேர்காணல். சான்றிதழைப் புரட்டிக்கொண்டே அவர் கேட்டார்:

"லைன் ஃபாலோயரா? நீ பண்ணதா?"

"ஆமா சார்."

"வெயில்ல ஓடுமா?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. இன்றைக்கு என்றால் சொல்வேன்: அந்த வண்டி அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருவதை வைத்துத்தான் கறுப்பா வெள்ளையா என்று பார்க்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம். சென்சார் அதிலேயே திணறிப்போகும், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். சென்சாரைச் சுற்றி ஒரு கறுப்புக் குழாய் வைத்து மறைக்கலாம். இல்லையென்றால் டி.வி. ரிமோட்டில் செய்வதுபோல ஒளியை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் விட்டுவிட்டு அடித்து, அந்தத் துடிப்பை மட்டும் வடிகட்டி எடுக்கலாம். அன்று எனக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகுவது என்பது மட்டும் தெரிந்திருந்தது. நேர்காணல் ஆறு நிமிடத்தில் முடிந்தது.

அதனால் போஸ்டரைப் பார்த்தால் இப்போது நான் தேடுவது இரண்டு விஷயம். பேச வருபவர் திங்கள்கிழமை காலையில் என்ன வேலை செய்கிறார்? அன்றைக்கு என் கை என்ன செய்யும்? போஸ்டரில் "தொழில்துறை நிபுணர்" என்று மட்டும் போட்டு ஆள் பெயரே இல்லாவிட்டால், யார் வருவார் என்று நடத்துபவர்களுக்கே இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். "ஐ.ஐ.டி.யுடன் இணைந்து" என்று போட்டிருந்தால் எந்தத் துறை, எந்தக் குழு என்று கேளுங்கள். இறுதிச்சுற்றுக்கு அங்கே ஒரு அறை கிடைத்திருப்பதைத்தான் சில சமயம் அப்படிச் சொல்வார்கள்.

போஸ்டரின் அடியில் மாணவர் கோ-ஆர்டினேட்டர் எண் இருக்கும். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். ஒரு கிட்டுக்கு எத்தனை பேர், புரோகிராம் நாங்கள் எழுதுவோமா, கிட்டை வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேராகப் பதில் வந்தால் கட்டணத்தைப் பற்றி யோசிக்கலாம். "கண்டிப்பா சர்டிஃபிகேட் தருவோம் ப்ரோ" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.

பெரிய தொழில்நுட்ப விழாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரிந்திருக்கும். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாஸ்த்ரா வழக்கமாக ஜனவரியில் வரும். கிண்டி பொறியியல் கல்லூரியின் குருக்ஷேத்ரா 2007இல் தொடங்கியது. 1794இல் நில அளவைப் பள்ளியாக ஆரம்பித்த இடம் அது, அந்தச் சிவப்புக் கட்டடத்தை ஒருமுறை பார்ப்பதற்காகவாவது போகலாம். என் கருத்தில் இந்த இரண்டுக்கும் நாலு வருடத்தில் ஒருமுறை போனால் போதும். பேப்பர் பிரசன்டேஷனுக்கு என்று ஓடாமல், கண்காட்சி அரங்கில் மற்ற கல்லூரிக்காரர்கள் செய்து வைத்திருப்பதைப் பார்த்து, "இது எங்கேங்க சொதப்புச்சு?" என்று கேளுங்கள். செய்தவன் அரை மணி நேரம் பேசுவான். செய்யாதவன் போஸ்டரைக் காட்டுவான்.

எனக்கு உண்மையில் உதவியது போஸ்டரே இல்லாத கூட்டங்கள். அந்த அம்பத்தூர் நேர்காணலுக்கு அடுத்த மாதம், சீனியர் அண்ணா ஒருவர் என்னைச் சென்னை லினக்ஸ் (இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம்) பயனர் குழுவின் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அப்போது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, ஐ.ஐ.டி.க்குள் கஜேந்திரா சர்க்கிள் பக்கத்தில் ஏரோஸ்பேஸ் துறை வகுப்பறை ஒன்றில் கூடுவார்கள். கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை, பிரியாணியும் இல்லை. வழியில் மான் உண்டு. பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். பேசியவர் தன் மடிக்கணினியை புரொஜெக்டரில் மாட்டுவதற்கே இருபது நிமிடம் போராடினார். ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து போய் உதவினார்கள். பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை என்றாலும், தெரிந்தவர்களுக்கும் உடனே வேலை செய்யாது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

கூட்டம் முடிந்து நின்று பேசிக்கொண்டிருந்தபோது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என்னிடம் "நீ என்னப்பா பண்றே?" என்றார். வெயில் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அந்த சிப்பு நூறு ரூபா கூட ஆகாது. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி நீயே பண்ணு. ஓடாது. ஏன் ஓடலைன்னு அடுத்த மாசம் வந்து சொல்லு" என்றார். ரிச்சி ஸ்ட்ரீட் என்பது சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு.

சொன்னபடியே ஓடவில்லை. மோட்டார் சுற்ற ஆரம்பித்த நொடியில் சிப் செத்து மறுபடி உயிர் பெறும். மூன்று வாரம் புரோகிராமில் தப்பு தேடினேன். புரோகிராமில் தப்பே இல்லை. மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற மின்சாரத்தில் பேட்டரியின் வோல்டேஜ் சரிந்து, சிப் ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. மோட்டாருக்குத் தனி பேட்டரி, சிப்பின் காலருகே மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கும் ஒரு சின்ன கெபாசிட்டர். அவ்வளவுதான் வைத்தியம். அடுத்த நேர்காணலில் இந்த மூன்று வாரத்தைப் பற்றி மட்டுமே பேசினோம், ஃபோல்டரைத் திறக்கச் சொல்லவில்லை. அந்த வேலை கிடைத்தது.

அந்த மாதிரி இடங்கள் இன்னும் உண்டு. சென்னைப்பை என்ற, பைத்தான் புரோகிராம் மொழிக்காரர்களின் குழு மாதாமாதம் கூடுகிற வழக்கம் உள்ளது. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் பொதுமக்களுக்கு என்றே உரைகள் நடத்துகிறது. 2016 முதல் 'சயின்ஸ் அட் த சபா' என்ற பெயரில், மியூசிக் அகாடமியில் விஞ்ஞானிகளை மேடையேற்றுகிறார்கள். கச்சேரிக்குப் போகிற மாமிகளும் ஸ்கூல் பையன்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து இயற்பியல் கேட்பார்கள், அனுமதி இலவசம். வேலைக்கு நேரடியாக உதவாது. ஆனால் கடினமான விஷயத்தைத் தெரியாதவருக்கு எப்படிச் சொல்வது என்பதை அங்கே பார்த்த அளவுக்கு நான் எந்த "சாஃப்ட் ஸ்கில்ஸ்" வகுப்பிலும் பார்த்ததில்லை.

இன்னொன்று, இதை ஈ.சி.இ.காரர்கள் யாரும் கண்டுகொள்வதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான எய்மா, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஆக்மி என்ற இயந்திரக் கருவிக் கண்காட்சி நடத்துகிறது. மெக்கானிக்கல்காரர்களின் திருவிழா என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஓடுகிற ஒவ்வொரு சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும்) இயந்திரத்துக்குள்ளும் சென்சார், டிரைவ், கண்ட்ரோலர் என்று நம் ஆட்கள் செய்த சமாசாரம்தான் இருக்கிறது. ஸ்டாலில் நிற்பவர்கள் பெரும்பாலும் விற்பனைப் பொறியாளர்கள். காலையில் கூட்டம் குறைவாக இருக்கும்போது போய், "இதில் அடிக்கடி பழுதாவது எது?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஹேக்கத்தான், அதாவது குறித்த நேரத்துக்குள் ஒரு பிரச்சினைக்குத் தீர்வு செய்து காட்டும் போட்டி என்றால், ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானைச் சொல்வேன். 2017இல் தொடங்கியது. ஆறு பேர் அணி, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், முதல் சுற்று உங்கள் கல்லூரியிலேயே நடக்கும். ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை. அமைச்சகங்கள் தரும் பிரச்சினைப் பட்டியலைப் படித்தாலே இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைத்துவிடும். காசு கொடுத்து புராஜெக்ட் வாங்கும் கேவலம் இருக்காது.

வேலைவாய்ப்பு முகாம்களுக்கு வருகிறேன். இதில் ஒரே விதி: காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணமே கிடையாது. என் நண்பன் ஒருவன் மண்டபத்தில் நடந்த "மெகா ஜாப் ஃபேர்" ஒன்றுக்கு 500 ரூபாய் கட்டிப் போனான். அங்கே எல்லா மேசையிலும் ஒரே பதில்: தேர்வாகிவிட்டீர்கள், பயிற்சிக் கட்டணம் 25,000, பயிற்சி முடிந்ததும் வேலை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. பயிற்சி நடந்தது, வேலை வரவில்லை, ஆறு மாதத்தில் அந்த அலுவலகமே காலி.

அதே தரமணியில், சி.ஐ.டி. வளாகத்தில், மத்திய அரசின் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. அது அங்கே இருப்பதே எங்கள் வகுப்பில் அறுபது பேரில் ஒருவருக்கும் தெரியாது. பட்டம் முடித்தவர் ஒரு நிறுவனத்தில் ஓராண்டு பழகுநராகச் சேரலாம், மாத உதவித்தொகை உண்டு, குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கும். இதற்கான நேர்காணல் முகாம்களும் நடக்கும். கேம்பஸில் கிடைக்காதவர்களுக்கு, அதிலும் அரியர் காரணமாக கட்-ஆஃப் தாண்டாமல் போனவர்களுக்கு, வாசலில் நின்று பயோடேட்டா கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் ஓ.டி. (ஆன் டியூட்டி, நிகழ்ச்சிக்குப் போனாலும் வகுப்பு வருகை தரும் அனுமதி) விஷயம். 75 சதவீத வருகை இல்லாமல் ஹால் டிக்கெட்டில் சிக்கல் வந்தால், எந்தச் சிம்போசியம் சான்றிதழும் காப்பாற்றாது. சில கல்லூரிகளில் ஓ.டி. படிவத்தில் கையெழுத்து வாங்க ஹெச்.ஓ.டி. அறை வாசலில் நிற்கும் நேரம், நிகழ்ச்சி நேரத்தைவிட அதிகம். அதனால்தான் சனி, ஞாயிறு கூட்டங்களை இவ்வளவு சிபாரிசு செய்கிறேன். விடுதியில் இருக்கும் பெண்களுக்கு கேட் மூடும் நேரம் இன்னொரு தொல்லை. மாலை நிகழ்ச்சி என்றால் முடியும் நேரத்தைக் கேட்டுவிட்டு, ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். பறக்கும் ரயிலில் கோட்டூர்புரமும் தரமணியும் இதற்கு வசதி.

இப்போது நானே ஆண்டுக்கு இரண்டு மூன்று கல்லூரிகளுக்குப் பேசப் போகிறேன். மேடையிலிருந்து பார்த்தால் முன்வரிசை முழுக்க ஆசிரியர்கள், நடுவில் தூக்கம், பின்னால் செல்போன் வெளிச்சம். "எனி டவுட்ஸ்?" என்றால் மயான அமைதி. சால்வை போர்த்தி, கேடயம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். (வீட்டில் கேடயம் வைக்க இடமில்லை. சால்வைகள் அம்மாவிடம் போய்விடும்.) போன வருடம் அப்படிக் கிளம்பும்போது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் கார் வரைக்கும் வந்து, "சார், உங்க கம்பெனில ஃபெயிலான போர்டை யார் பாப்பாங்க? அதை எல்லாம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். ஒரு மாத இன்டர்ன்ஷிப்புக்கு அவரைக் கூப்பிட்டேன், ஃபெயிலான சர்க்யூட் போர்டு நாற்பதைக் கொடுத்தேன். பதினொன்றில் ஒரே மாதிரி சால்டரிங் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தார். எங்கள் ஆட்கள் பார்க்காமல் விட்டது அது.

உங்கள் 1,200 ரூபாய் பட்டறைக்கு வருவோம். கோ-ஆர்டினேட்டரைக் கூப்பிட்டு அந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு கிட், கையோடு எடுத்துப் போகலாம் என்றால் கட்டுங்கள், நல்ல பேரம்தான். இல்லையென்றால் அதே காசில் ரிச்சி தெருவில் ஒரு ஆர்டுயினோ (நாமே புரோகிராம் ஏற்றிப் பழகும் சின்ன கண்ட்ரோலர்) நகல் போர்டு, மோட்டார் டிரைவர், இரண்டு மோட்டார், சென்சார் எல்லாம் வாங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமை மதியத்துக்குள் போய்விடுங்கள். முதல் கடையிலேயே வாங்காதீர்கள். கெபாசிட்டரை மறந்துவிடாதீர்கள்.