இடப்பெயர்வும் வளர்ச்சியும்: ஆய்வுத்துறைக்குள் நுழைவது எப்படி?

எம்.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறேன், இடப்பெயர்வு ஆய்வில் காலூன்ற எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேருமிடம் என்றால் மும்பை ஐ.ஐ.பி.எஸ். (மக்கள்தொகை அறிவியலுக்கான சர்வதேச நிறுவனம்), திருவனந்தபுரம் சி.டி.எஸ். (வளர்ச்சி ஆய்வு மையம்) இரண்டையும் முதலில் பாருங்கள். யு.ஜி.சி.யின் நெட் தகுதித் தேர்வைப் பொருளாதாரத்திலும் எழுதலாம், மக்கள்தொகை ஆய்விலும் எழுதலாம்.

கோட்பாட்டுக்கு அதிக நாள் கொடுக்க வேண்டாம். ராவன்ஸ்டைனின் இடப்பெயர்வு விதிகள் (1885), நகரத்தில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் கூலியே ஆட்களை இழுக்கிறது என்னும் ஹாரிஸ்-டொடாரோ மாதிரி (1970) இரண்டும் ஒரு வார வேலை. மெனக்கெட வேண்டியது கணக்கெடுப்பின் வினாப்பட்டியலில்தான். மத்திய அரசு வீடு வீடாக எடுக்கும் தேசிய மாதிரி ஆய்வின் 64ஆவது சுற்றை (2007-08) எடுங்கள், தரவு இலவசம். கிராமப்புறத்தில் இடம்பெயர்ந்த பெண்களில் 91 சதவீதம் பேர் திருமணத்தால் வந்தவர்கள் என்கிறது அதன் அறிக்கை. அந்த 91ஐ நீங்களே தரவிலிருந்து வரவழையுங்கள். தரவுக் கோப்பில் என்.எஸ்.எஸ். (ஒரு துணை மாதிரியில் ஆய்வு செய்த அலகுகளின் எண்ணிக்கை), என்.எஸ்.சி. (துணை மாதிரிகளைச் சேர்த்த எண்ணிக்கை) என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் சமமென்றால் மல்டிப்ளையரை, அதாவது மாதிரியை மொத்த மக்களுக்கு விரிக்கும் பெருக்கெண்ணை, 100ஆல் வகுக்க வேண்டும், இல்லையென்றால் 200ஆல். புதிதாக வருபவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். மொத்தம் தாறுமாறாக வரும்.

அடுத்து, யார் கணக்கில் விழவில்லை என்று பாருங்கள். ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து தெலங்கானா செங்கல் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அந்தச் சுற்றில் குறுகிய காலப் பெயர்வு என்பது ஒரு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள். சூளை வேலை ஏழு மாதம் நீண்டால் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அதைவிட மோசம், கணக்கெடுப்பவர் போகும்போது வீடு பூட்டிக் கிடக்கும். பதில் சொல்ல ஆள் இல்லை. 1998இல் தொடங்கிய கேரள இடப்பெயர்வு ஆய்வுக்கும் இதே சிக்கல் உண்டு. குடும்பத்தோடு அமெரிக்கா போய்விட்டவர்களைப் பற்றிச் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்?

வளர்ச்சி பக்கம் வழுக்குமிடம் வேறு. வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகள் வசதியாக இருக்கின்றன என்று எழுதிவிடுவது சுலபம். ஏஜெண்டுக்குக் கட்டப் பணம் இருந்தவர்தானே போனார்? போகும் முன் அந்த வீடு எப்படி இருந்தது என்ற தகவல் இல்லாமல் இதை எழுதினால், ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வான வைவாவில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். ஒரே வீடுகளுக்கு மீண்டும் மீண்டும் போய் எடுத்த தரவு இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

களத்துக்குப் போகும் மாதத்தையும் தலைப்போடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். பலாங்கீர் என்றால் நுவாகாய் சமயம் சரி; விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வரும் பண்டிகை அது. ஊர் கூடியிருக்கும், சூளை வேலைக்கான முன்பணம் கைமாறுவதும் அதையொட்டித்தான்.