லிஸ்பனில் மூன்று நாள்: நானும் மனைவியும் எதைப் பார்க்க வேண்டும், எதை விடலாம்?

"நானும் மனைவியும்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் 22 இடங்களை வரிசையாக எழுதி, "ஏதாவது விட்டுப்போயிற்றா?" என்று மட்டும்தான் கேட்கிறீர்கள். உங்கள் மனைவி எதைப் பார்க்க வேண்டும் என்றார் என்று ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் இந்தத் தளத்தில் நான் படிப்பதோடு சரி.

நானும் ஒரு பட்டியல்காரரின் மனைவி. என் வீட்டுக்காரர் 34 வருடம் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். 2023 செப்டம்பரில் ஜெர்மனியில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனபோது, அவன் எங்கள் இருவரையும் மூன்று நாள் லிஸ்பனுக்கு அனுப்பிவைத்தான். இவர் 27 இடங்களை எக்செல்லில் போட்டு, பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் செருகிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாத குறை. போகும் நேரம், திரும்பும் நேரம், ஒன்றுக்குப் போகும் இடம் எல்லாம் அதில் உண்டு. (பென்ஷன்காரர்களுக்கு லிஸ்பன் கேட்கிறதா என்று பின்னூட்டம் போடப்போகிறவர்களுக்கு: விமானச் சீட்டு மகன் போட்டது, மற்றதெல்லாம் என் பி.எஃப். பணம். யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை.)

பட்டியலில் நான் சேர்க்கச் சொன்னது ஒன்றே ஒன்று. நான் 29 வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவள். தமிழில் அச்சான முதல் புத்தகம் எங்கே அச்சானது என்று கேட்டால், பலரும் கொல்லம், தம்பிரான் வணக்கம், 1578 என்பார்கள். அது தமிழ் எழுத்தை வார்த்து அச்சிட்ட முதல் புத்தகம். அதற்கும் 24 வருடம் முன்னாலேயே, 1554-ல், லிஸ்பனில் ஒரு சின்னக் கிறித்தவ மறை நூல் அச்சாயிற்று. மொழி தமிழ், எழுத்து ரோமன். நம் பக்கத்து மனிதர்கள் மூன்று பேர் சேர்ந்து ஆக்கியது. அதன் பிரதி ஒன்று பெலேம் பகுதியில் உள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டடத்துக்குள் ஒரு தடவை போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இவர் அதை 27-வதாகச் சேர்த்து, "நேரம் இருந்தால்" என்று அடைப்புக்குறி போட்டார்.

சரி, ஊரைச் சொல்கிறேன். லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். ஏழு குன்று என்பார்கள், என் முழங்கால் எழுபது எண்ணியது. நடைபாதை முழுக்கக் கைப்பிடி அளவுச் சுண்ணாம்புக் கல்லை வெள்ளையும் கறுப்புமாகப் பதித்திருக்கிறார்கள். ரோசியோ சதுக்கத்தில் அது அலை அலையாக ஓடுவதைப் பார்த்தால் நின்ற இடத்திலேயே தலை சுற்றும், அத்தனை அழகு. ஆனால் பல வருடக் காலடியில் வழவழவென்று ஆகிவிட்டது. தூறல் போட்டால் அம்மியில் எண்ணெய் விட்ட மாதிரி. உங்கள் மனைவிக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள். 22 இடத்தை அப்புறம் பார்க்கலாம்.

முதல் நாள் காலை மார்ட்டிம் மொனிஸ் சதுக்கத்தில் 28-ம் எண் டிராமுக்கு நின்றோம். மஞ்சள் நிறத்தில், பொம்மை மாதிரி, மரப் பலகை இருக்கை. படத்தில் பார்க்கிற எல்லோரும் அதில் ஏறத்தான் வருகிறார்கள், அதனால் வரிசை ஒரு மணி நேரம். உள்ளே மூச்சுவிட இடமில்லை, ஜேப்படிக்காரர்களுக்கு வசதியான கூட்டம். இவர் பர்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு வந்ததில் ஊரையே பார்க்கவில்லை. எனக்கு ஜன்னல் கிடைத்தது, அல்ஃபாமா என்ற பழைய பகுதியின் சந்துகளில் வீட்டுச் சுவரைத் தொடுகிற மாதிரி வண்டி வளைந்து போனதைப் பார்த்தேன். வேண்டுமானால் காலை எட்டு மணிக்கு முன் ஏறுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

குன்றின் மேல் இருக்கும் சாவ் ஜோர்ஜ் கோட்டைக்கு ஏறவும் ஒரு வழி சொல்கிறேன். பைஷா பகுதியில் ருவா டோஸ் ஃபான்கெய்ரோஸ் தெருவில் ஒரு பழைய கட்டடத்துக்குள் பொது லிஃப்ட் இருக்கிறது, காசு கிடையாது. மேலே இறங்கிச் சற்று நடந்தால் இன்னொன்று. பாதி மலை அதிலேயே தீர்ந்துவிடும். இதை எங்களுக்குச் சொன்னது பழக்கடை வைத்திருந்த வங்காளதேசப் பையன். பட்டியலில் இல்லை.

அன்று மாலை குளோரியா என்ற சரிவு வண்டியில் ஏறினோம். 1885-லிருந்து ஓடிக்கொண்டிருந்தது, கம்பியில் பிணைத்து மேலே போகும். ஏறி இறங்கினால் சாவ் பெத்ரு டி அல்கந்தரா என்ற பூங்கா மேடு, எதிர்க் குன்றில் கோட்டை, நடுவே ஓட்டுக் கூரைகள். வண்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். 2025 செப்டம்பர் 3 அன்று அதே வண்டி கம்பி விட்டுப்போய்ச் சரிந்து 16 பேர் இறந்தார்கள். செய்தி வந்த அன்று இவர் அந்தப் படத்தைத் தேடி எடுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் பேசவில்லை. நீங்கள் போகும்போது எந்த வண்டி ஓடுகிறது, எது ஓடவில்லை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் பெலேம். 15-ம் எண் டிராமில் ஆற்றோரமாகவே போகலாம். ஜெரோனிமோஸ் மடம் அங்கேதான். 1500-களின் தொடக்கத்தில் மனுவேல் அரசர் கட்ட ஆரம்பித்தது. கல்லில் கயிறு, கல்லில் பவளம், கல்லில் செடி. தூண்களைப் பார்த்தால் தச்சன் மரத்தில் செய்தானோ என்று தோன்றும். காசு எங்கிருந்து வந்தது தெரியுமா? கிழக்கிலிருந்து வந்த வாசனைப் பொருள் வியாபாரத்தின் மேல் போட்ட வரியிலிருந்து. மிளகு நம் மேற்குக் கரையில் காய்த்தது, கட்டடம் இங்கே எழும்பியது.

தேவாலயத்துக்குள் நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524-ல் கொச்சியில் இறந்தவர், உடல் அங்கேயே அடக்கமாகி, 1539-ல் போர்ச்சுகலுக்கு வந்து, 1880-ல்தான் இந்த மடத்துக்கு வந்தது. இவர் அதற்குப் பக்கத்தில் நின்று, "எடு, எடு" என்றார். எனக்கு 1502-ல் மக்கா யாத்திரிகர்கள் வந்த கப்பலை அந்த ஆள் கொளுத்தியது ஞாபகம் வந்துவிட்டது. "நான் எடுக்க மாட்டேன்" என்றேன். "பாடம் நடத்தாதே டீச்சர்" என்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். எங்கள் சண்டை அங்கே ஆரம்பித்தது.

அதே மடத்தின் நீண்ட கட்டடத்தில், மேற்குப் பக்கம்தான் அந்த அருங்காட்சியகம். போனால் கதவு சாத்தியிருக்கிறது. புதுப்பிக்கும் வேலை நடக்கிறது என்று பலகை. 2022 ஏப்ரலிலேயே மூடிவிட்டார்களாம். நேரம், தூரம், கழிப்பறை வரை எல்லாம் பார்த்து வைத்த மனிதர் இதை மட்டும் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "27-வது தானே, அதுவரை வரவில்லை" என்றார். திறந்தே இருந்தாலும் அந்தப் புத்தகத்தை வெளியே வைத்திருப்பார்களா என்பது வேறு விஷயம். எனக்கும் புரிகிறது. ஆனாலும் எதிரே புல்வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். 58 வயதில், பொது இடத்தில். என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

இவர் என்ன செய்வதென்று தெரியாமல் போய், 1837-லிருந்து நடக்கும் அந்தப் பிரபலமான கடையில் கஸ்டர்ட் பணியாரம் ஆறு வாங்கி வந்தார். முட்டை மஞ்சள் கரு. நான் தொடமாட்டேன் என்று தெரியும். சூடாக, மேலே பட்டைப் பொடி தூவித் தானே நாலு சாப்பிட்டார். நான் எண்ணவில்லை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். (சைவமாக இருந்தால் கவனம்: முட்டைக்கோஸ் சூப் மாதிரி இருக்கும் கால்டு வெர்டேயில் பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். உட்கார்ந்ததும் கேட்காமலே வரும் ரொட்டி, ஆலிவ் எல்லாம் இனாம் இல்லை, தொட்டால் காசு. நாங்கள் இரண்டு வேளை மார்ட்டிம் மொனிஸ் பக்கம் பருப்பும் சோறும் சாப்பிட்டோம்.)

மூன்றாம் நாள் காலை இவர் பட்டியலை எடுக்கவில்லை. "வா, உன் மியூசியத்துக்குப் போகலாம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பைஷாவிலிருந்து மேலே கார்மோ சதுக்கத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கார்மோ மடத்தில் ஒரு தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. இரவு ஃபோனில் தேடிப் பார்த்து, இதுவும் தொல்லியல், அதுவும் தொல்லியல், புத்தகத்தை இங்கே கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்று தானாக முடிவுகட்டிவிட்டார். சீட்டு கொடுக்கிற பெண்ணிடம், "தமிழ் புக், 1554, ஃபர்ஸ்ட் புக், மை வைஃப் தமிழ் டீச்சர்" என்று சத்தமாகச் சொல்கிறார். சத்தமாகச் சொன்னால் போர்ச்சுகீசியர்களுக்கு இங்கிலீஷ் புரியும் என்று இவருக்கு ஒரு நம்பிக்கை. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டு, இல்லை, அது பெலேமில் இருக்கும் வேறு அருங்காட்சியகம் என்றாள். இவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சீட்டு வாங்கிவிட்டோமே என்று உள்ளே போனோம். லிஸ்பனில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கூரை கிடையாது. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள், காலையில் ஊரே பூசையில் இருக்கும்போது நிலநடுக்கம். ஏற்றியிருந்த மெழுகுவத்திகளால் தீ, அப்புறம் ஆற்றுவழியே ஆழிப்பேரலை. ஊர் தரைமட்டமாகி, அதன் பிறகு பொம்பால் என்ற அமைச்சர் நேர்நேராகத் தெரு போட்டுக் கட்டியதுதான் கீழே நாம் பார்க்கிற பைஷா. கார்மோ தேவாலயத்துக்கு மட்டும் கூரை திரும்ப வரவில்லை. வளைவுகள் மட்டும் விலா எலும்பு மாதிரி நிற்கின்றன, நடுவே வானம். நாங்கள் அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இவர் பட்டியல்படி அது "20 நிமிடம்". அங்கிருந்து பின்பக்கமாக நடந்தால் 1902-ல் கட்டிய சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்டின் நடைபாலத்துக்கே போய்விடலாம். கீழே அதற்காக நூறு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் இவராக ஒரு விளையாட்டு ஆரம்பித்தார், போர்ச்சுகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்களைத் தேடுவது. முந்தின நாள் விடுதிப் பெண் "ஷாவ்" என்று சொல்லிக் கையில் சாவியைக் கொடுத்தது இவர் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஜனெலா, ஜன்னல். மேசா, மேசை. துவாலைக்கு டுவால்யா. செருப்புக் கடைப் பலகையில் சப்பாத்தாரியா, இலங்கைக்காரர்கள் சப்பாத்து என்பார்களே அது. பழக்கடையில் அனனாஸ். வராந்தா, அலமாரி, பொத்தான், கோப்பை, ஏலம். இவர் ஒவ்வொரு பலகையையும் படிக்க, நான் ஆமாம் இல்லை சொல்ல, மேடு ஏறியதே தெரியவில்லை.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் இருந்தபோது, ஒரு வினாத்தாளில் "ஜன்னல்" என்று எழுதிவிட்டேன். ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதிகாரி ஒருவர் எழுந்து, "சாளரம் என்று ஒரு சொல் இருப்பது தமிழாசிரியைக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும் சார். சாளரமும் தெரியும், பலகணியும் தெரியும், அதைக் கேட்ட நீங்கள் உட்கார்ந்திருந்த மேசையும் பூட்டிவைத்திருந்த அலமாரியும் எந்த ஊர்க்காரன் கொடுத்தது என்பதும் தெரியும். அன்றைக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. 14 வருடம் கழித்து லிஸ்பன் தெருவில் நின்று இவரிடம் சொன்னேன். தனித்தமிழ் அன்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நானும் முடிந்தவரை நல்ல தமிழில்தான் எழுதுகிறேன். காமா அபிமானி என்றும் யாரும் எழுத வேண்டாம், மேலே தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

ஆக, மூன்று நாள் போதும், 22 இடம் வேண்டாம். ஒரு நாள் அல்ஃபாமாவும் கோட்டையும், ஒரு நாள் பெலேம் (திங்கட்கிழமை போகாதீர்கள், மடம் மூடியிருக்கும்), ஒரு நாள் கார்மோவும் சும்மா நடையும். சாயங்காலம் சாந்தா லூசியா மேட்டில் உட்காருங்கள், தேவாலயச் சுவரில் நிலநடுக்கத்துக்கு முந்தைய ஆற்றங்கரைச் சதுக்கத்தை நீல ஓட்டில் தீட்டியிருக்கிறார்கள், எதிரே தேஜோ ஆறு. பக்கத்து ஊரான சிந்த்ராவை இதில் திணிக்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். முதலில் உங்கள் மனைவியிடம் என்ன பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் ஒன்றுமில்லை என்றால் இன்னொரு தடவை கேளுங்கள்.

அப்புறம் ஒரு உதவி. பெலேம் போகும்போது மேற்குப் பக்கக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இங்கேயே கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.