புது டேபிள் சா: பெட்டியப் பிரிச்சதும் அறுக்கலாமா?

போன இதழ்ல போற போக்குல டேபிள் சா, அதாவது மேஜை நடுவுல வட்ட பிளேடு சுத்தி மரம் அறுக்குற மெஷின், அதைப் பத்தி ரெண்டே ரெண்டு வரி எழுதுனேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நினைக்கவே இல்ல. அதனால இந்த மாசம் முழுக்க அதேதான். நாற்காலி கால் ஆடுதுன்னு கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் ஆடிக்கிட்டே உக்காந்திருங்க, மன்னிக்கணும்.

கேள்வி: சார் வணக்கம். பேங்க்ல வேலை, லீவு நாள்ல மர வேலை. கார் ஷெட்டைத்தான் பட்டறையா மாத்தி வச்சிருக்கேன். ரெண்டு வருஷம் காசு சேத்து 10 இன்ச் டேபிள் சா வாங்கி மாட்டியாச்சு. முதல் நாளே 18 எம்எம் பிளைவுட் அறுத்தா பாதி தூரத்துல மரம் இறுகுது, மெஷின் முனகுது, ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளுற நேர் தடுப்பு) பக்கம் இருக்குற துண்டோட விளிம்பு கருகிப்போகுது. கடைக்காரர கேட்டா “ஃபேக்டரியில செட் பண்ணித்தான் சார் வருது, பிளேடை மாத்திப் பாருங்க”ங்கறார். பிளேடு குறையா, என் கை குறையா? (வாசகர், திருப்பூர்)

பதில்: ரெண்டும் இல்லீங்க. ஃபேக்டரியில செட் பண்ணித்தான் அனுப்புறாங்க, அதுல பொய் இல்ல. ஆனா அங்க இருந்து உங்க ஷெட்டுக்கு வர்றதுக்குள்ள எத்தனை லாரி, எத்தனை ஸ்பீடு பிரேக்கர், எத்தனை பேர் தொப்புன்னு இறக்கி வச்சிருப்பாங்க. புது மெஷின்னாலும் முதல் ஒரு நாள் அறுக்குறதுக்கு இல்ல, அளக்குறதுக்குன்னு வச்சுக்கங்க.

டேபிள் மேல முன்னாடி இருந்து பின்னாடி ஒரு காடி ஓடுது பாருங்க, மைட்டர் கேஜ் (குறுக்கால அறுக்க மரத்தைப் புடிச்சுத் தள்ளுற கருவி) ஓடுற பள்ளம், அதுதான் ராஜா. அதை நகத்த முடியாது. பிளேடு அந்தக் காடிக்கு நேரா நிக்கணும், அப்புறம் ஃபென்ஸும் அதே காடிக்கு நேரா நிக்கணும். வரிசை மாறக்கூடாது. நிறைய பேர் ஃபென்ஸை பிளேடுக்கு ஒப்பா வச்சுட்டு முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க, பிளேடே கோணலா இருந்தா ரெண்டும் சேந்து கோணலாத்தான் நிக்கும், ஃபென்ஸை வச்சு அறுக்கும்போது சரியா வரும், மைட்டர் கேஜ் வச்சு குறுக்கால அறுக்கும்போது வண்டவாளம் வெளிய வரும்.

மொதல்ல பிளக்கைப் புடுங்குங்க. சுவிட்சை ஆஃப் பண்ணா போதாது, புடுங்கி கண்ணுக்குத் தெரியுற மாதிரி டேபிள் மேல போட்டுடுங்க. பிளேடை முழு உயரத்துக்கு ஏத்தி ஏதாச்சும் ஒரு பல்லுல மார்க்கர்ல புள்ளி வைங்க. ஒரு நேர் கட்டை எடுத்து மைட்டர் கேஜ்ல முறுக்கி, அதோட முனையில ஒரு ஸ்க்ரூ ஏத்தி, ஸ்க்ரூ தலை அந்தப் புள்ளி வச்ச பல்லை முன்பக்கம் லேசா உரசுற மாதிரி வச்சுக்கங்க. இப்ப கையால பிளேடைச் சுத்தி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டு போங்க, மைட்டர் கேஜையும் பின்னாடி தள்ளுங்க. அங்கயும் அதே மாதிரி உரசணும். இடைவெளி தெரிஞ்சா அந்தளவு கோணல். இடிச்சு நின்னா எதிர்ப்பக்கம் கோணல், அப்ப பின்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு அளங்க. ஏன் அதே பல்லு? பிளேடு லேசா நெளிஞ்சிருந்தாலும் ஒரே பல்லை ரெண்டு இடத்துலயும் அளந்தா அந்த நெளிவு கணக்குல வராது.

இதுக்கு டயல் கேஜ் வேணும்னு ஆன்லைன்ல தேடாதீங்க. உங்க தெரு பைக் மெக்கானிக்கிட்ட டேப்பட் செட் பண்ற ஃபீலர் கேஜ் (இடைவெளியில சொருகி அளக்குற மெல்லிசு தகடுகள்) இருக்கும், ஒரு டீ வாங்கிக் குடுத்து ஒரு மணி நேரம் இரவல் கேளுங்க. முன்னுக்கும் பின்னுக்கும் 0.1 எம்எம் உள்ள இருந்தா போதும். அதுக்கு மேல துல்லியம் வேணும்னு நானும் ஒரு காலத்துல ராத்திரி 11 மணி வரை குனிஞ்சு கிடந்திருக்கேன், மரம் ஒரு மழைக்கு அதவிட அதிகமா ஊதிப்போகும்.

கோணல் இருந்தா பிளேடைத் தாங்குற அடிப்பாகத்தோட போல்ட்டுகளை அரைகுறையா லூஸ் பண்ணி கொட்டாப்புளியால மெல்லத் தட்டுங்க. எந்த போல்ட்டுன்னு மெஷின் புக்ல படம் இருக்கும். டைட் பண்ணதும் மறுபடி அளங்க, ஏன்னா டைட் பண்ணும்போதே அது நகரும். எனக்கு மூணாவது தடவைதான் வழிக்கு வந்துச்சு.

அப்புறம் ஃபென்ஸ். உங்க கருகலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: ஃபென்ஸோட பின்முனை பிளேடைப் பாத்து சாஞ்சிருக்கு, அறுந்த துண்டு ரெண்டுக்கும் நடுவுல மாட்டி நசுங்குது. காடியில இருந்து ஃபென்ஸ் வரைக்கும் முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு எடுங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். பின்பக்கம் ஒரு மயிரிழை விலகி இருந்தாலும் பரவால்ல, உள்ள வரவே கூடாது.

கடைசியா 90 டிகிரி, பிளேடு டேபிளுக்குச் செங்குத்தா நிக்குதான்னு. மெஷின்ல சாய்வு காட்டுற ஸ்கேல் முள்ளை நம்பாதீங்க. மூலைமட்டத்தைப் பிளேடோட தகட்டுல ஒட்டி வச்சுப் பாருங்க, பல்லு மேல வச்சா தப்பாக் காட்டும். மூலைமட்டமே சரியான்னு சந்தேகமா? நேர் விளிம்பு உள்ள பலகையில ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி வச்சு அதே இடத்துல இன்னொரு கோடு போடுங்க, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா சரி. எல்லாம் முடிஞ்சதும் ஒரு அகலமான துண்டை அறுத்து ஒரு பாதியை மட்டும் புரட்டிப் போட்டு வெட்டு முகங்களை சேத்துப் பாருங்க, கோணல் இருந்தா ரெண்டு மடங்காத் தெரியும்.

இதெல்லாம் செஞ்சும் கருகுனா அப்ப கடைக்காரர் சொன்ன பிளேடுக்கு வாங்க. கூட வந்தது 24 பல்லுன்னா அது நீளவாக்குல அறுக்குறது, பிளைவுட்டை சிராய் சிராயாப் பிச்சுடும். பிளைவுட்டுக்கு 60 பல்லு வாங்கிக்கங்க. தேக்கு அதிகம் அறுப்பீங்கன்னா கார்பைடு முனை இல்லாததைத் தொடவே வேண்டாம், தேக்குல சிலிக்கா இருக்கு, சாதா இரும்புப் பல்லை மழுங்கடிச்சுடும்.

கேள்வி: சுவிட்ச் போட்டா சில சமயம் எம்சிபி ட்ரிப் ஆகுது. வீட்டு ஹால்ல இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஓட்டுறேன். இன்வர்ட்டர்ல ஓட்டலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாங்க, இன்வர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் இருக்கட்டும். 1800 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்ல ஓடும்போதே 8 ஆம்ப்ஸ் கிட்ட இழுக்கும், ஸ்டார்ட் ஆகுற நொடியில அதுக்கும் பல மடங்கு. டிவிக்கு மாட்டுற 6 ஆம்ப்ஸ் பிளக்கும் மெல்லிசு ஒயரும் இதைத் தாங்காது, வோல்டேஜ் விழுந்து மோட்டார் சூடாகும். எலக்ட்ரீஷியன வச்சு ஷெட்டுக்குன்னு தனியா 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், 16 ஆம்ப்ஸ் பாயிண்ட், நல்ல எர்த் போடச் சொல்லுங்க. எம்சிபி மேல பி-ன்னு போட்டிருக்கா சி-ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. பி டைப் அது மேல போட்டிருக்குற ஆம்ப்ஸுக்கு 3ல இருந்து 5 மடங்குலயே விழுந்துடும், சி டைப் 5ல இருந்து 10 மடங்கு வரை பொறுத்துக்கும், மோட்டாருக்கு அதுதான்.

நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம். அறுத்துக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போகுது, நீங்க சுவிட்சை மறந்துட்டு உள்ள காபி குடிக்கப் போறீங்க, பையன் வந்து டேபிள் மேல கை வைக்கிறான், கரண்ட் வருது. உங்க மெஷின்ல அப்ப தானா ஓட ஆரம்பிக்குமா? பிளேடை முழுசா கீழ இறக்கிட்டு மெஷினை ஓட விட்டு சுவத்து சுவிட்சை ஆஃப் பண்ணி, பிளேடு நின்னதும் மறுபடி ஆன் பண்ணிப் பாருங்க. ஓடக்கூடாது, பச்சை பட்டனை மறுபடி அமுக்குனாத்தான் ஓடணும். தானா ஓடுச்சுன்னா நோ-வோல்ட் ரிலீஸ் சுவிட்ச் வாங்கி மாட்டுற வரைக்கும் அந்த மெஷினை ஓட்டாதீங்க.

கேள்வி: அண்ணா, அப்பா 40 வருஷமா ஆசாரி வேலை. நான் வாங்குன மெஷின்ல மேல பிளேடை மூடுற கார்டையும் பின்னாடி நிக்கிற தகட்டையும் முதல் வேலையாக் கழட்டி பரண்ல போட்டுட்டார். “கைக்கு கண்ணுதான்டா காவல்”ங்கறார். எப்படி சொல்லிப் புரிய வைக்கிறது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தம்பி, அப்பாகிட்ட வாதாடி ஜெயிக்க முடியாது, கணக்கு சொல்லிப் பாருங்க. 10 இன்ச் பிளேடு நிமிஷத்துக்கு 3650 சுத்து சுத்துதுன்னா பல்லு முனையோட வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர் பக்கம். 2003 உலகக் கோப்பையில ஷோயப் அக்தர் போட்ட பந்தோட வேகமே 161.3. பிளேடோட முன்பக்கப் பல்லு மரத்தைக் கீழ அமுக்கும், பின்பக்கப் பல்லு மேல ஏறி வரும். அறுந்த மரம் அந்தப் பின்பக்கப் பல்லுல பட்டுச்சுன்னா தூக்கி நம்மளப் பாத்து வீசும். அது படாம நடுவுல நிக்கத்தான் அந்தத் தகடு, ரிவிங் நைஃப்னு பேரு. அப்பா சொல்ற கண்ணு இதைப் பாக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.

நானும் கழட்டி வச்ச ஆளுதான். ஒரு சாண் தேக்கு ரீப்பர், பிளேடுக்கு நேரா நின்னுக்கிட்டு இருந்தேன், வயித்துல அடிச்சது மூணு வாரம் ஊதா கலர்ல இருந்துச்சு, சிரிச்சாக்கூட வலி. விரல் தப்புனது என் சாமர்த்தியம் இல்ல. அன்னிக்கு மாட்டுன தகட்டை இன்னும் கழட்டல.

மேல் கார்டை மரத்துல காடி எடுக்கும்போது கழட்டித்தான் ஆகணும், அதுல அப்பா சொல்றது சரி. ஆனா தகடு பிளேடோடயே ஏறி இறங்குறது, அதைக் கொஞ்சம் இறக்கி வச்சா காடி எடுக்கவும் இடைஞ்சல் பண்ணாது. மாட்டும்போது பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவுல 3ல இருந்து 8 எம்எம் இடைவெளி விடுங்க. கனமும் பாக்கணும், தகடு பிளேடோட உடம்பைவிட தடிமனா, பல்லு அறுக்குற அகலத்தைவிட மெல்லிசா இருக்கணும். வேற பிளேடு மாத்தும்போது இதைத்தான் எல்லாரும் மறக்குறாங்க.

நீங்க பிளேடுக்கு நேரா நிக்காம இடது பக்கம் ஒதுங்கி நில்லுங்க. சின்னத் துண்டுன்னா கையால தள்ளாம ஒரு தள்ளுகட்டையால தள்ளுங்க. கை உறை மட்டும் போடாதீங்க, பல்லு துணியைப் புடிச்சா கையோட உள்ள இழுக்கும். தோள்ல போடுற துண்டு, தொங்குற சட்டைக் கை, மணிக்கட்டுல கட்டுன கோயில் கயிறு எல்லாம் அதே கதைதான், சாமி கோவிச்சுக்காது, அறுக்குற நேரத்துக்கு மட்டும் கழட்டி வைங்க.

கேள்வி: வீடு கடல் பக்கம். வார்ப்பிரும்பு டேபிள், ஒரே மாசத்துல பழுப்பு பழுப்பா துரு. (வாசகி, சென்னை)

பதில்: உப்புக் காத்துக்கு வேற என்னங்க வரும். மெல்லிசு எமரி பேப்பர்ல லேசா எண்ணெய் தொட்டுத் தேச்சு, நல்லாத் துடைச்சு, பேஸ்ட் வேக்ஸ் பூசி, காஞ்சதும் துணியால மெருகேத்துங்க. மழைக்காலத்துல மாசம் ஒருக்கா. சிலிக்கோன் கலந்த கார் பாலிஷ் வேண்டாம், மரத்துல ஒட்டிக்கிட்டா அப்புறம் வார்னிஷ் பிடிக்காது. ஆயுத பூஜைக்கு ஈர சந்தனத்தை டேபிள் மேல அப்பாதீங்க, அது காயுறதுக்குள்ள அடியில துரு ஏறி வட்டம் விழும், என் மெஷின்ல மூணு வட்டம் இருக்கு. பொட்டை ஸ்டாண்டு கால்ல வச்சுடுங்க.

கேள்வி: மச்சான் அமெரிக்காவுல இருக்கார், விரல் பட்டா நிக்கிற ‘சாஸ்டாப்’ கொண்டு வர்றேங்கறார். வாங்கிக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: நல்ல மச்சான், விட்டுடாதீங்க. ஆனா இந்த மெஷின யோசிச்சுச் சொல்லுங்க. பிளேடுல சின்னதா ஒரு மின் சிக்னல் ஓடும், நம்ம உடம்பு பட்டா சிக்னல் மாறும், உடனே ஒரு அலுமினியக் கட்டை பிளேடுல பாஞ்சு 5 மில்லி செகண்டுக்குள்ள நிறுத்திடும். அருமையான வேலைப்பாடு. ஒரு தடவை வேலை செஞ்சுதுன்னா அந்தக் கட்டை இருக்குற கார்ட்ரிட்ஜும் போச்சு, பெரும்பாலும் பிளேடும் போச்சு, புதுசுக்கு மறுபடி மச்சானைத்தான் கூப்பிடணும். ஈர மரம் பட்டாலும் நின்னுடலாம், மரம் அறுக்குற மில்லுல இருந்து பச்சையா வாங்கி அறுக்குற நமக்கு இது சின்ன விஷயம் இல்ல. அங்க 120 வோல்ட், இங்க 230, நேரா சொருகினா புகைதான், பெரிய ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தனியா வேணும்.

கேள்வி: ஷெட் தரை வாசலைப் பாத்து சரிவா இருக்கு. ரசமட்டம் வச்சு டேபிளை மட்டம் பண்ணணுமா? (மறுபடியும் நம்ம திருப்பூர் வாசகர்)

பதில்: மட்டம் இல்லாட்டியும் வெட்டு நேராத்தான் வரும். ஆடக்கூடாது, அதுதான் முக்கியம். ஆடுற காலுக்கு அடியில பிளைவுட் துண்டு வச்சு ஆணி அடிங்க. 8க்கு 4 ஷீட் அறுக்கணும்னா பிளேடுக்கு முன்னாடியும் 8 அடி, பின்னாடியும் 8 அடி வேணும், அதனால மெஷினை வாசலைப் பாத்துத் திருப்பி வைங்க, ஷீட் வெளிய போய்க்கட்டும். பின்னாடி தாங்குறதுக்கு ஒரு மேஜை போடுங்க, அது டேபிளைவிட ரெண்டு எம்எம் தாழ்வா இருக்கட்டும், உசரமா இருந்தா ஷீட் போய் முட்டி நிக்கும். காரை எங்க நிறுத்தறதுங்கறது மட்டும் நீங்களும் வீட்டம்மாவும் பேசி முடிவு பண்ணிக்கங்க.