குமாசியில் சாய்த்து வைத்த ஸ்டூல்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். கானாவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வீட்டுக்காரப் பெரியவரின் முற்றத்தில் ஒருக்களித்துச் சாய்த்திருந்த மர ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் முகம் சுருங்கிவிட்டது, ஒன்றும் பேசவில்லை. "ஒரு ஸ்டூலுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறீர்கள்.

ஸ்டூலுக்குத்தான். பதினெட்டு வருஷமாகக் குமாசியில் இருக்கிறேன், எனக்கும் இது பிடிபட நாளானது. அசாந்தி மக்களுக்கு ஒருவருடைய ஸ்டூலில் அவருடைய உயிரே தங்கியிருக்கிறது. அவர் எழுந்ததும் வேறு ஆவி எதுவும் வந்து அமராதபடி அதைச் சாய்த்து வைப்பார்கள்.

அந்த இனம் முழுவதற்கும் உயிராக ஒரு பொற்பீடம் உண்டு. வெள்ளிக்கிழமை வானிலிருந்து இறங்கியது என்பது அவர்கள் நம்பிக்கை. அது மண்ணில் படக்கூடாது. அரசரே அதில் உட்காருவதில்லை. பிரிட்டிஷார் 1874இல் இந்த ஊரை எரித்துப் பொன்னை அள்ளிப் போனார்கள், 1896இல் அரசர் பிரெம்பேயைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போதும் பீடம் அவர்கள் கையில் சிக்கவில்லை. 1900 மார்ச் 28 அன்று ஆளுநர் ஹாட்ஜ்சன் இங்கே தலைவர்களைக் கூட்டிவைத்து, அந்தப் பீடத்தில் தன்னை ஏன் உட்கார வைக்கவில்லை என்று கேட்டார். கூட்டம் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்தது. உங்கள் பெரியவரின் மௌனத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அதன்பின் எஜிசு என்ற ஊரின் அரசியன்னை யா அசாந்தேவா எழுந்தார். ஆண்கள் போருக்குப் போகாவிட்டால் பெண்கள் நாங்கள் போகிறோம் என்று அவர் சொன்னதை இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பிரிட்டிஷார் இருந்த குமாசிக் கோட்டையை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே உணவு தீர்ந்து, நோய் பரவி, ஜூன் மாதம்தான் ஹாட்ஜ்சன் முற்றுகையை உடைத்துத் தப்பினார். பிறகு பெரிய படை வந்தது. அம்மையாரைச் சேஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள், 1921இல் அங்கேயே இறந்தார். 1902இல் அசாந்தி முழுதும் பிரிட்டிஷ் முடியின் கீழ் போனது. ஆனால் பீடத்தை மறைத்துவிட்டிருந்தார்கள், கடைசிவரை பிரிட்டிஷாருக்கு அது கிடைக்கவே இல்லை. நாட்டை இழந்தும் எதைக் காக்கப் போனார்களோ அதைக் காத்துவிட்டார்கள். எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இப்போது செய்ய வேண்டியது: நேரே போய் மன்னிப்புக் கேட்காதீர்கள். அவர் மதிக்கிற, வயதில் மூத்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். ஒரு புட்டி ஷ்நாப்ஸ் மது வாங்கி வலது கையால் கொடுங்கள், இடது கை கூடவே கூடாது. பேச்சை அந்த மூத்தவர் தொடங்கட்டும். நீங்கள் "மெ பா வோ ச்சியோ" என்றால் போதும், தயவுசெய்து என்று பொருள். பெரும்பாலும் அன்றே மனம் இளகிவிடுவார்.

பிறகு ஒரு நாள் அந்தக் கோட்டைக்குப் போய் வாருங்கள், இப்போது ராணுவ அருங்காட்சியகமாக இருக்கிறது. 1874இல் போன பொன் நகைகளில் சில 2024இல் இங்கே அசாந்தி அரசரின் மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு வந்தன, அதுவும் லண்டனிலிருந்து இரவலாக! அவர்கள் பொருளை அவர்களுக்கே இரவல் கொடுப்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. பெரியவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள், நிறையச் சொல்வார். அவர் உட்காரச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.