பாதிக் கதவு பெல்ஜியம்

கேள்வி: பெல்ஜியத்தில் ஒரு வீட்டின் வாசற்கதவு நடுவே நாட்டு எல்லை ஓடுகிறதாமே, உண்மையா? எப்படி வந்தது இப்படி ஓர் ஊர்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: உண்மைதான். ஊரின் பெயர் பார்லே-ஹெர்டோக். பெல்ஜியத்தின் வடபகுதியான ஃப்ளாண்டர்ஸில், ஆன்ட்வெர்ப் மாகாணத்தைச் சேர்ந்தது. மூவாயிரம் பேர் அளவில் வசிக்கும் சின்ன ஊர். அதன் நிலத்தில் 22 துண்டுகள் நெதர்லாந்துக்குள் சிதறிக் கிடக்கின்றன. அந்தத் துண்டுகளுக்குள்ளும் ஏழு இடங்கள் நெதர்லாந்து! சுற்றியுள்ள டச்சு ஊர், பார்லே-நஸ்ஸாவ்.

காரணம் பெயரிலேயே இருக்கிறது. டச்சு மொழியில் ஹெர்டோக் என்றால் கோமகன். 1198-இல் பிரபாண்ட் கோமகன் முதலாம் ஹென்றி, பிரெடாவின் பிரபுவுக்கு இங்கே நிலம் கொடுத்தார். குடியிருப்பும் உழவும் இருந்த, வரி வருகிற நிலங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். தரிசெல்லாம் பிரபுவுக்கு. பிரெடா பிற்பாடு நஸ்ஸாவ் வம்சத்தின் கைக்குப் போனது. கோமகன் வைத்துக்கொண்ட நிலங்கள்தான் இன்றைய பெல்ஜியத் துண்டுகள்; பிரபுவுக்குப் போனவை நெதர்லாந்து. இதைக் கிறுக்குத்தனமான எல்லை என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணூறு வருடத்துக்கு முன் எந்த வயலில் ஏர் ஓடியது என்பதை இன்றைய வரைபடத்திலேயே பார்த்துவிடலாமே!

1843-இல் இரு நாடுகளும் எல்லை வகுத்தபோது இங்கே மட்டும் கோடு போட முடியவில்லை. 5,732 மனைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது உனக்கு, இது எனக்கு என்று பதிந்தார்கள்.

முதல் உலகப் போர்க் கதைதான் என்னை உலுக்கியது. 1914-இல் ஜெர்மன் படை பெல்ஜியத்தின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. இந்தத் துண்டுகளை மட்டும் தொட முடியவில்லை. நடுநிலை நாடான நெதர்லாந்தின் மண்ணை மிதிக்காமல் அங்கே போக வழியில்லை. 1915-இல் பெல்ஜியர்கள் அங்கே கம்பியில்லாத் தந்தி நிலையமே அமைத்தார்கள். தங்கள் நடுநிலைமைக்குப் பங்கம் வரக்கூடாதென்று டச்சுக்காரர்கள் அதைச் சுற்றி வேலி போட்டார்கள். தெற்கே, பெல்ஜியத்திலிருந்து யாரும் தப்பிவிடாதபடி எல்லை நெடுக ஜெர்மானியரின் மின்சார வேலி. இரண்டு வேலிகளுக்கும் அப்பால், கையகல பெல்ஜியம் பிடிபடாமலே இருந்தது.

சரி, அந்தக் கதவு. வாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ, வீடும் அந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது ஊர் வழக்கம். எல்லை மாறியபோது வாசலை நகர்த்திக்கொண்டு பழைய நாட்டிலேயே இருந்தவர்களும் உண்டு. நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக் குறிகள் வரிசையாகப் போகும். ஒரு பக்கம் நெதர்லாந்தைக் குறிக்கும் ‘என்.எல்.’, மறுபக்கம் பெல்ஜியத்தைக் குறிக்கும் ‘பி’. நீங்கள் கேட்ட வீட்டில் அந்தக் கோடு கதவின் நட்டநடுவில் ஏறுகிறது. அதனால் ஒரே கதவுக்கு இரண்டு கதவிலக்கம், பக்கத்துக்கு ஒரு நாட்டுக் கொடி.