மிலேட்டஸ்: கடல் விலகிப்போன துறைமுக நகரம் – கேள்வி பதில்

கேள்வி: மிலேட்டஸின் இடிபாடுகளைச் சுற்றிலும் வயல்கள்தானே தெரிகின்றன? அது எப்படித் துறைமுகமாக இருந்திருக்க முடியும்?

பதில்: இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில், மெயாண்டர் ஆறு கடலில் கலந்த லாட்மோஸ் வளைகுடாவின் தென்புறத்தில், நீருக்குள் நீண்டிருந்த ஒரு தீபகற்பத்தின் மேல் பண்டைய கிரேக்க நகரமான மிலேட்டஸ் அமைந்திருந்தது. நகருக்கு நான்கு துறைகள் இருந்ததாகவும், அவற்றுள் ஒன்றில் ஒரு கப்பற்படையே தங்கலாம் என்றும் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். உள்நாட்டிலிருந்து ஆறு சுமந்து வந்த வண்டல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து வளைகுடாவைத் தூர்த்துவிட்டதால், கடல் இப்போது பல கிலோமீட்டர் விலகிப்போய்விட்டது. அன்றைய வளைகுடாவில் எஞ்சியிருப்பது பாஃபா ஏரி மட்டுமே.

கேள்வி: மிலேட்டஸ் கருங்கடல் வரை குடியேற்றங்கள் அமைத்தது உண்மையா?

பதில்: உண்மை. சினோப், ஓல்பியா, பான்டிகபேயம் ஆகியவை மிலேட்டஸ் மக்கள் நிறுவியவை. 90க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு இது தாய்நகரம் என்று ரோமானிய எழுத்தாளரான பிளினி கணக்குச் சொல்கிறார். அந்த எண்ணிக்கை மிகையாக இருக்கலாம் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: இவ்வளவு வலிமையான நகரம் பாரசீகரிடம் எப்படி வீழ்ந்தது?

பதில்: கி.மு. 499இல் மிலேட்டஸை ஆண்ட அரிஸ்டகோரஸ் பாரசீகப் பேரரசுக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தொடங்கினார். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, நகருக்கு எதிரே இருந்த லாடே என்ற சிறு தீவின் அருகே இறுதிப் போர் நடந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் தரும் கணக்கின்படி கிரேக்கர்களிடம் 353 கப்பல்களும் பாரசீகர்களிடம் 600 கப்பல்களும் இருந்தன. ஆனால் தோல்விக்கு எண்ணிக்கையைவிட ஒற்றுமைக் குலைவே காரணம் என்பது என் முடிவு. சாமோஸ் தீவு அனுப்பிய 60 கப்பல்களில் 49 போர் தொடங்கியதும் பாய் விரித்து ஊருக்குத் திரும்பிவிட்டன. அதைக் கண்ட மற்றவர்களும் விலகினார்கள். 100 கப்பல்களோடு வந்த கியோஸ் தீவினரோ தம் கப்பல்களில் பெரும்பாலானவற்றை இழக்கும்வரை போரிட்டார்கள். கி.மு. 494இல் நகரம் வீழ்ந்தபோது ஆண்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக்கப்பட்டனர். இந்தத் துயரத்தை நாடக ஆசிரியர் ஃபிரினிகஸ் ஏதென்ஸில் நாடகமாக அரங்கேற்றியபோது பார்வையாளர்கள் கதறி அழுதார்கள். சொந்த இழப்பை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 டிராக்மா அபராதம் விதித்து, அந்நாடகத்தை இனி யாரும் நடத்தக் கூடாதென்றும் தடைசெய்தார்கள். மிலேட்டஸின் வீழ்ச்சி மற்ற கிரேக்கர்களை எவ்வளவு ஆழமாக உலுக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

கேள்வி: விவிலியத்தில் வரும் மிலேத்து இதுதானா?

பதில்: ஆம். எபேசு சபையின் மூப்பர்களை பவுல் வரவழைத்து விடைபெற்றது இந்நகரில்தான். அப்போதும் இங்கே கப்பல்கள் வந்து போய்க்கொண்டிருந்தன.

கேள்வி: கட்டங்கட்டமான நகரமைப்பு இங்கேதான் தோன்றியதா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது; நேர்கோட்டுத் தெருக்கள் அதற்கு முன்பே வேறு இடங்களில் இருந்தன. இந்நகரில் பிறந்த நகரமைப்பாளர் ஹிப்போடாமஸ் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸை அவ்வாறு வகுத்ததாக அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். அழிவுக்குப் பின் மீண்டெழுந்த மிலேட்டஸும் அதே முறையில் கட்டப்பட்டது என்றாலும், அதை அவரே வரைந்தார் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை.

கேள்வி: நேரில் செல்பவர்கள் எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: புகழ்பெற்ற சந்தை வாயில் அங்கே இல்லை, ஜெர்மானிய அகழாய்வாளர்கள் அதைப் பெயர்த்தெடுத்துச் சென்று பெர்லினின் பெர்காமன் அருங்காட்சியகத்தில் நிறுவினார்கள். ஆகவே முதலில் சுமார் 15,000 பேர் அமரக்கூடிய அரங்கின் உச்சிப்படிக்கு ஏறி மேற்கே பாருங்கள். சமவெளியின் நடுவே தாழ்ந்த குன்று ஒன்று தெரியும். அதுதான் லாடே தீவு.